சைபர்ஜெயா ஏன் அங்கே வந்தது? வட்டாரக் கொள்கையும் ஆக்கத் தொழில்களும்



வட்டார மேம்பாடு பற்றிக் கேள்வி வந்தால், நம் மாணவர்கள் பலர் தொழிற்பேட்டை, நெடுஞ்சாலை, மின்சாரம்னு எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். கார்ட்டூன் படம், கணினி விளையாட்டு, மென்பொருள், திரைப்படம் எல்லாமும் தொழில்தான். இவற்றை ஆக்கத் தொழில்கள் என்கிறோம். இவற்றுக்கு ஈயமோ ரப்பரோ வேண்டாம். ஒரு கணினியும் திறமையும் இருந்தால் எங்கேயும் செய்யலாமே! அப்புறம் ஏன் சில இடங்களில் மட்டும் குவிகின்றன? ராசாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் காரில் போய்விடக்கூடிய சைபர்ஜெயாவை வைத்தே பார்ப்போம்.

1. கோடு போட்டது அரசு

1996-இல் எம்.எஸ்.சி. எனப்படும் பல்லூடகப் பெருவழித் திட்டம் தொடங்கியது. கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்திலிருந்து சிப்பாங் விமான நிலையம் வரை, ஏறக்குறைய 15 கிலோமீட்டர் அகலமும் 50 கிலோமீட்டர் நீளமும் கொண்ட நிலப்பட்டை அது. அதற்குள் இடம்பெற்று, எம்.எஸ்.சி. தகுதி பெற்ற நிறுவனங்களுக்கு அரசு சலுகைகள் தந்தது: 10 ஆண்டுகள் வரை வருமான வரி விலக்கு, வெளிநாட்டு நிபுணர்களை அமர்த்தும் உரிமை, கருவிகளுக்கு இறக்குமதி வரி விலக்கு, வேகமான இணைய வசதி. 1997-இல் சைபர்ஜெயா தொடங்கப்பட்டது. பிறகு பல்லூடகப் பல்கலைக்கழகமும் அங்கே வளாகம் அமைத்தது. தோட்டமாக இருந்த இடம் கணினி நகரமானது. இது சந்தை தானாகச் செய்த தேர்வு இல்லை. கொள்கை செய்த தேர்வு.

இதே வழியை நாடு முன்பும் பார்த்திருக்கிறது. 1972-இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக மண்டலம் வந்தது; அதே ஆண்டில் இன்டெல் பினாங்குக்கு வந்தது.

2. ஒன்று வந்தால் பத்து வரும்

பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-லேயே இதை விளக்கினார். ஒரே தொழில் ஓரிடத்தில் திரளும்போது மூன்று நன்மைகள் கிடைக்கும்: திறமையான ஆட்கள், துணைத்தொழில்கள், ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கும் வாய்ப்பு.

நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த உதாரணம் சொல்லலாம். ‘உப்பின் இப்பின்’ எடுத்த லெஸ் கோப்பாக் 2005-இல் தொடங்கியது. அங்கே வேலை செய்து பழகிய சிலர் 2009-இல் அனிமோன்ஸ்டா நிறுவனத்தை சைபர்ஜெயாவில் தொடங்கி ‘போபோய்போய்’ எடுத்தார்கள். கற்ற தொழில் அந்த வட்டாரத்துக்குள்ளேயே பரவியது. ஆனால் கவனியுங்கள்: லெஸ் கோப்பாக் இருப்பது ஷா ஆலாமில், பெருவழிப் பட்டைக்கு வெளியே. கொள்கை ஈர்க்கும்; ஆனால் எல்லாவற்றையும் அதுவே முடிவு செய்துவிடாது. ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதும் முக்கியம்.

3. சலுகை மட்டும் போதுமா?

ஜொகூரில் 2006-இல் இஸ்கந்தர் வட்டாரம் அறிவிக்கப்பட்டது. அங்கே பெரிய திரைப்படக் கூடம் கட்டப்பட்டது; செலவில் 30 விழுக்காட்டைத் திருப்பித் தரும் திட்டமும் வந்தது. நெட்ஃபிளிக்சின் ‘மார்க்கோ போலோ’ தொடர் அங்கே படமானது. வெளிநாட்டுப் படக்குழு வேலை முடிந்ததும் போய்விடும். உள்ளூர்க்காரர்கள் அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டால்தான் லாபம் நிலைக்கும்.

4. விலை கொடுத்தவர்கள்

இதை நாம் சொல்லிக்கொடுக்காமல் விடக்கூடாது. சைபர்ஜெயாவை ஒட்டிய புத்ராஜெயா எழுந்தது பிராங் பெசார் தோட்டத்தில். உலகமே பயிரிடும் ‘பி.பி.’ வகை ரப்பர் மரங்கள் பெயர் பெற்றது அந்தத் தோட்டத்தால்தான். அதாவது, கணினி வருவதற்கு முன்பே அது புத்தாக்க மண்! அங்கும் அருகில் இருந்த மூன்று தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டன. தனி வீடு கேட்டு அவர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேல் போராடினார்கள்.

குன்னார் மிர்டால் 1957-இல் இரண்டு விளைவுகளைப் பிரித்துக் காட்டினார். வளரும் மையம் சுற்றுப்புறத்துக்கும் வேலையையும் பணத்தையும் கொண்டு சேர்த்தால் அது பரவல் விளைவு. சுற்றுப்புறத்தின் இளைஞர்களையும் முதலீட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டால் அது பின்னிழுப்பு விளைவு. சிரம்பானிலிருந்து விடியற்காலையில் கோலாலம்பூர் பக்கம் வேலைக்குக் கிளம்பும் கூட்டத்தைப் பார்த்தாலே இரண்டாவது புரிந்துவிடும்.

5. நெகிரி செம்பிலானுக்கு என்ன?

பெருவழி விமான நிலையத்தோடு முடிந்தது. நீலாய் அதற்கு அடுத்த வாசலில் நின்றது. இப்போது சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களை உள்ளடக்கிய ‘மலேசிய விஷன் வேலி’ திட்டம் இருக்கிறது. நம் ராசாவும் சிரம்பான் மாவட்டம்தான். 2022-இல் எம்.எஸ்.சி.க்குப் பதிலாக ‘மலேசியா டிஜிட்டல்’ வந்தது. தகுதி பெற்ற நிறுவனம் நாட்டில் எங்கிருந்தும் இயங்கலாம். சட்டப்படி கோடு அழிந்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகம், பயிற்சி, தொழில் தொடர்பு எல்லாம் பழைய கோட்டுக்குள்ளேயே நிறைய இருக்கின்றன. நிலம் மாறும்போது தோட்டத்துப் பிள்ளைகள் காவலர் வேலைக்கு மட்டும் போவார்களா, வடிவமைப்பாளர் நாற்காலியில் உட்காருவார்களா? அதைத் தீர்மானிப்பது அவர்களுக்குக் கிடைக்கும் பயிற்சிதான்.

தேர்வில் எழுதும்போது

மாணவர்களே, இந்த வரிசையில் எழுதுங்கள்: (அ) கொள்கையின் பெயர், ஆண்டு, எல்லை, (ஆ) அது தந்த சலுகை, (இ) தொழில் திரண்ட விதம், ஓர் உதாரணத்தோடு, (ஈ) பரவல், பின்னிழுப்பு விளைவுகள், (உ) உங்கள் மதிப்பீடு. பலர் (ஈ)-ஐ விட்டுவிடுகிறார்கள். அதை எழுதினால்தான் பதில் முழுமை பெறும்.

ஆசிரியர்களே, ஒரு சிறு நடவடிக்கை: மாணவர்கள் தங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை எங்கே, என்ன வேலை செய்தது என்று வரைபடத்தில் குறிக்கட்டும். எந்த இடப்பெயர்வுக்குப் பின்னால் எந்தக் கொள்கை இருந்தது என்று வகுப்பில் பேசட்டும். பாடம் தானாகவே மனசில் பதியும்.