குடல் அழற்சி மீண்டும் தலைதூக்கினால்: ஸ்டீராய்டு மாத்திரையை எப்படிக் கையாள வேண்டும்?

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் அழற்சி நோய், வந்தால் முழுவதுமாக விட்டுப் போவதில்லை. மாதக் கணக்கில், சிலருக்கு வருடக் கணக்கில் அடங்கியிருக்கும். பிறகு வயிற்றுப் பிடிப்பு, அடிக்கடி கழிப்பறைக்கு ஓட வேண்டிய அவசரம், மலத்தோடு இரத்தமும் சளியும் என்று திரும்பி வரும். இதை மூலம் என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டு நாட்களைக் கடத்துகிறவர்கள் உண்டு. இன்னும் சிலர் போன தடவை மீந்துபோன ஸ்டீராய்டு மாத்திரையை அலமாரியிலிருந்து எடுத்துத் தாமாகவே ஆரம்பித்துவிடுகிறார்கள். மூலம் என்று நினைப்பதைவிட இது ஆபத்தானது.

காரணம், இரத்தம் கலந்த பேதியெல்லாம் பழைய நோயின் வேலையாக இருப்பதில்லை. அமீபா போன்ற கிருமித் தொற்றும் அச்சாக இப்படியே இருக்கும். தொற்று இருக்கும்போது ஸ்டீராய்டு சாப்பிட்டால் அது முற்றிவிடும். ஆகவே முதலில் மலப் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தது என்றால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உள்ளே உறங்கிக் கிடக்கும் காசநோயை ஸ்டீராய்டு எழுப்பிவிடக்கூடும். ‘நன்றாகத்தானே இருக்கிறோம்’ என்று மெசலமைன் மாத்திரையை நிறுத்தியிருந்தால் அதையும் சொல்லுங்கள். நோய் திரும்பி வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். மூட்டு வலிக்காகக் கடையில் வாங்கிப் போட்ட டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்றவையும் சிலருக்கு நோயைக் கிளறிவிடும்.

ஸ்டீராய்டு என்றதும் பலருக்குப் பயம். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் தினமும் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. பிரெட்னிசலோன் மாத்திரை அதைப் போலவே வேலை செய்து அழற்சியை அடக்குகிறது. இந்த வகை மருந்து குடல் அழற்சிக்குப் பயன்படும் என்பதை இங்கிலாந்து மருத்துவர்கள் ட்ரூலவ், விட்ஸ் இருவரும் 1955-லேயே ஆய்வு செய்து காட்டினார்கள்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், நிறுத்தும் விதத்தில். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்று தொடங்கி, வாரத்துக்கு 5 மில்லிகிராம் வீதம் குறைத்து, ஏறத்தாழ 8 வாரங்களில் முடிப்பார்கள். ஆளுக்கேற்ப இது மாறும். இரண்டாவது வாரத்திலேயே இரத்தம் நின்றுவிடலாம். ‘குணமாகிவிட்டது, இனி எதற்கு?’ என்ற எண்ணம் அப்போதுதான் வரும். வெளியிலிருந்து மருந்து வரும்போது அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. சில வாரங்கள் சாப்பிட்டபின் திடீரென நிறுத்தினால் உடம்புக்குக் கார்டிசால் இல்லாமல் போகும். கடும் சோர்வு, வாந்தி, தலைச்சுற்றல், இரத்த அழுத்தம் இறங்குதல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அழற்சியும் திரும்பிவிடும். எந்த வாரம் எத்தனை மாத்திரை என்பதைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதை வீட்டில் இன்னொருவரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மாத்திரையைக் காலை உணவுக்குப் பின் சாப்பிட வேண்டும். இரவில் எடுத்தால் தூக்கம் கெடும். பசி கூடுவது, முகம் உப்புவது, எரிச்சல் வருவது எல்லாம் மருந்து குறையக் குறைய அடங்கும். சர்க்கரை நோயாளிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காலையில் மருந்து எடுத்தால் பிற்பகலிலும் மாலையிலும்தான் சர்க்கரை அதிகம் ஏறும். வெறும் வயிற்றுப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்று நிம்மதியடைந்துவிட வேண்டாம். எலும்புக்காகக் கால்சியமும் வைட்டமின் டி-யும் தருவார்கள்; அவற்றை வீண்செலவு என்று விட்டுவிடாதீர்கள்.

ரமளானில் இந்த நிலை வந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. இரத்தப் பேதி நிற்காத நாட்களில் உடம்பில் நீர் வற்றிவிடும். நோயாளிக்கு மார்க்கமே சலுகை கொடுத்திருக்கிறது. குணமானபின் களா செய்துகொள்ளலாம். நோய் அடங்கி, மருந்து குறைந்துவரும் கட்டத்தில் இருப்பவர் ஸஹர் உணவோடு மாத்திரையை எடுத்து நோன்பு வைக்க முடியுமா என்பதை ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். நோன்புக்காக மாத்திரையை மட்டும் விட்டுவிடுவது கூடவே கூடாது.

ஒரு நாளில் 6 முறைக்கு மேல் இரத்தத்தோடு மலம் போய், கூடவே காய்ச்சலோ படபடப்போ இருந்தால் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. மருத்துவமனையில் சேர்த்து ஊசி வழியாக ஸ்டீராய்டு கொடுக்க வேண்டிய நிலை அது. வயிறு உப்பிக் கடுமையாக வலித்தாலும் அப்படித்தான்.

ஸ்டீராய்டு நோயை அடக்கும். அடங்கிய நிலையிலேயே வைத்திருக்காது. அதற்கு மெசலமைன் போன்ற மருந்துகளே தொடர வேண்டும். ஒரே வருடத்தில் இரண்டு முறை ஸ்டீராய்டு தேவைப்பட்டாலோ, அளவைக் குறைக்கும்போதெல்லாம் இரத்தம் திரும்பினாலோ, அசாதியோப்ரின் போன்ற வேறு மருந்துக்கு மாறலாமா என்று நீங்களாகவே மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் மீந்த மாத்திரைகளை அலமாரியில் சேர்த்து வைக்க வேண்டாம்.