சென்னை வானூர்தி நிலையப் பொதுப் போக்குவரத்து

சென்னை வானூர்தி நிலையப் பொதுப் போக்குவரத்து என்பது சென்னைப் பன்னாட்டு வானூர்தி நிலையத்தை சென்னை நகரின் மையப் பகுதியோடும், தெற்கே செங்கல்பட்டு, மாமல்லபுரம் முதலிய ஊர்களோடும் இணைக்கும் புறநகர்த் தொடருந்து, மெட்ரோ தொடருந்து, பேருந்து ஆகிய சேவைகளைக் குறிக்கும். இவற்றுள் எது ஏற்றது என்பது கட்டணத்தை மட்டும் பொறுத்ததன்று. பயணி செல்ல வேண்டிய திசை, வந்திறங்கும் நேரம், கொண்டுவரும் சுமை ஆகிய மூன்றும் அதைத் தீர்மானிக்கின்றன.

அமைவிடம்

வானூர்தி நிலையத்தின் பயணியர் முனையங்கள் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திரிசூலத்தில், ஜி.எஸ்.டி. சாலையின் ஓரத்தில் அமைந்துள்ளன. செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, நவம்பர் 29, 2019 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. சென்னை கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு தொடருந்துப் பாதை இச்சாலையை ஒட்டியே செல்கிறது. ஆகவே வானூர்தி நிலையம் நகரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே, ஒரே நெடும்பாதையின் நடுவில் இருக்கிறது. தெற்கே செல்ல வேண்டியவர்கள் முதலில் நகருக்குள் சென்று, பின்னர் வந்த வழியே திரும்ப வேண்டிய தேவை இல்லை.

பெயர்க் குழப்பம்

1954-இல் கட்டப்பட்ட முதல் பயணியர் முனையம் மீனம்பாக்கம் பகுதியில் இருந்தது. அதனால் இந்நிலையம் இன்றும் மக்கள் வழக்கில் 'மீனம்பாக்கம் விமான நிலையம்' என்றே அழைக்கப்படுகிறது. 1980-களில் பயணியர் போக்குவரத்து, தெற்கே திரிசூலத்தில் கட்டப்பட்ட புதிய முனையங்களுக்கு மாற்றப்பட்டது. எனவே புறநகர்த் தொடருந்தில் வருவோர் இறங்க வேண்டிய நிலையம் மீனம்பாக்கம் அன்று. அதற்கு அடுத்த நிலையமான திரிசூலம் ஆகும். மெட்ரோவிலும் 'மீனம்பாக்கம்', 'விமான நிலையம்' என இரு தனித்தனி நிலையங்கள் உள்ளன.

புறநகர்த் தொடருந்து

கடற்கரை – தாம்பரம் மின்தொடருந்துச் சேவை 1931-இல் தொடங்கியது. 2004 வரை இப்பாதையில் மீட்டர் பாதை மின்தொடருந்துகள் ஓடின. தற்போது அகலப் பாதையில் மட்டுமே தொடருந்துகள் இயங்குகின்றன. திரிசூலம் நிலையம் முனையங்களுக்கு எதிரே, ஜி.எஸ்.டி. சாலையின் மறுபுறத்தில் உள்ளது. சாலையைச் சுரங்க நடைபாதை வழியாகக் கடக்கலாம்.

நகரை நோக்கிச் செல்லும் வண்டிகள் கிண்டி, மாம்பலம், எழும்பூர், பூங்கா வழியாகக் கடற்கரை நிலையத்தை அடைகின்றன. பூங்கா நிலையம் சென்னை மத்திய தொடருந்து நிலையத்துக்கு எதிரே உள்ளது. தியாகராய நகருக்குச் செல்வோர் மாம்பலத்தில் இறங்கலாம்.

தெற்கு நோக்கிச் செல்லும் வண்டிகளில் பல தாம்பரத்துடன் நின்றுவிடும். செங்கல்பட்டு செல்வோர் பெயர்ப்பலகையைப் பார்த்து ஏற வேண்டும். நேரடி வண்டிக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தால், தாம்பரம் வரை சென்று அங்கு மாறிக்கொள்ளலாம்.

சாதாரண வண்டிகளின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். ஏப்ரல் 19, 2025 முதல் இத்தடத்தில் குளிரூட்டப்பட்ட புறநகர்த் தொடருந்தும் இயக்கப்படுகிறது. இதன் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். சாதாரணப் பயணச்சீட்டைக் கொண்டு இதில் பயணம் செய்ய இயலாது.

மெட்ரோ

சின்னமலை – விமான நிலையம் மெட்ரோ பாதை செப்டம்பர் 21, 2016 அன்று திறக்கப்பட்டது. பிப்ரவரி 10, 2019 அன்று தேனாம்பேட்டை – வண்ணாரப்பேட்டை சுரங்கப் பகுதி திறக்கப்பட்ட பின், விமான நிலையத்திலிருந்து அண்ணா சாலை வழியாக மத்திய நிலையத்துக்கு நேரடியாகச் செல்ல முடிந்தது. இது நீலத் தடம் எனப்படுகிறது. கோயம்பேடு செல்வோர் ஆலந்தூரில் பச்சைத் தடத்துக்கு மாற வேண்டும். பிப்ரவரி 2021-இல் கட்டணம் குறைக்கப்பட்டதிலிருந்து அதிகபட்சக் கட்டணம் 50 ரூபாயாக உள்ளது.

மெட்ரோ நிலையம் முனையங்களுடன் நடைபாதையால் இணைக்கப்பட்டுள்ளது. மின்தூக்கி, நகரும் படிக்கட்டு ஆகியவை இருப்பதால் பெரிய பெட்டிகளுடன் வருவோர், முதியோர், சக்கர நாற்காலியில் செல்வோர் ஆகியோருக்கு இதுவே எளிது.

எனினும் மெட்ரோ எல்லா இடங்களுக்கும் சிறந்ததன்று. எழும்பூர் மெட்ரோ நிலையம் பச்சைத் தடத்தில் உள்ளது. ஆகவே மெட்ரோவில் செல்வோர் இடையில் தடம் மாற வேண்டும். திரிசூலத்திலிருந்து புறநகர்த் தொடருந்தில் ஏறினால் எழும்பூரில் நேரடியாக இறங்கலாம். தென்மாவட்ட விரைவுத் தொடருந்துகள் பலவும் எழும்பூரிலிருந்து புறப்படுவதால் இவ்வேறுபாடு முக்கியமானது. மேலும் அவற்றுள் பல தாம்பரத்திலும் செங்கல்பட்டிலும் நிற்பதால், எழும்பூர் வரை செல்லாமலே அவற்றில் ஏற முடியும்.

பேருந்து

மாநகரப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகள் ஜி.எஸ்.டி. சாலை வழியாகச் செல்கின்றன. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

டிசம்பர் 30, 2023 அன்று வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் திறக்கப்பட்டது. அதற்குமுன் தென்மாவட்டங்களுக்குச் செல்லும் அரசுப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து புறப்பட்டன. எனவே பழைய வழிகாட்டிகளை நம்பிக் கோயம்பேட்டுக்குச் செல்வது, திருச்சிராப்பள்ளி, மதுரை முதலிய ஊர்களுக்குச் செல்வோரை எதிர்த்திசையில் கொண்டுபோய் விடும். கிளாம்பாக்கம் வானூர்தி நிலையத்துக்குத் தெற்கே, அதே ஜி.எஸ்.டி. சாலையில் உள்ளது. விமான நிலைய மெட்ரோவை அங்கு வரை சுமார் 15.5 கி.மீ. நீட்டிக்கவும் திட்டமிடப்பட்டுள்ளது.

மாமல்லபுரம் செல்லும் வழிகள்

1984-இல் யுனெசுகோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட மாமல்லபுரத்துக்குத் தொடருந்துப் பாதை இல்லை. பின்வரும் வழிகளில் செல்லலாம்:

1. தாம்பரம் வழி: திரிசூலத்திலிருந்து தாம்பரம் வரை தொடருந்து, அங்கிருந்து வண்டலூர், கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகச் செல்லும் 515 தடப் பேருந்து. இம்மூன்றனுள் சுற்று குறைவானது இதுவே.
2. செங்கல்பட்டு வழி: செங்கல்பட்டு வரை தொடருந்து, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கி.மீ. பேருந்து. தொலைவு கூடுதல், ஆயினும் பெரும்பகுதியைச் சாலை நெரிசல் இன்றித் தொடருந்திலேயே கடக்கலாம்.
3. கிழக்குக் கடற்கரைச் சாலை வழி: மெட்ரோவிலோ புறநகர்த் தொடருந்திலோ கிண்டி சென்று, அங்கிருந்து பேருந்தில் திருவான்மியூர் சென்று, கடற்கரைச் சாலைப் பேருந்தில் ஏறுதல். முட்டுக்காடு, கோவளம் முதலிய இடங்களில் இறங்க வேண்டியவர்களுக்கு ஏற்றது.

நேரமும் நெரிசலும்

மெட்ரோ ஏறக்குறைய காலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை இயங்குகிறது. புறநகர்த் தொடருந்தும் நள்ளிரவுக்குப் பின் சில மணி நேரம் ஓடுவதில்லை. பன்னாட்டு வானூர்திகள் பல இந்த இடைவெளியில்தான் வந்திறங்குகின்றன. அப்போது முன்கட்டண வாடகை ஊர்தியில் செல்லலாம். அவசரமில்லாதோர் விடியும் வரை முனையத்தில் காத்திருந்து முதல் வண்டியில் செல்லலாம். அலுவலக நேரங்களில் புறநகர்த் தொடருந்தில் பெட்டிகளுடன் ஏறுவது கடினம்.

பிற நகரங்களுடன் ஒப்பீடு

தில்லியில் 2011-இல் வானூர்தி நிலையத்துக்கெனத் தனி விரைவுத் தடம் அமைக்கப்பட்டது. இலண்டன் ஈத்ரோ நிலையத்துக்கு 1977-இல் நகரச் சுரங்கத் தொடருந்தும், 1998-இல் கட்டணம் மிகுந்த தனி விரைவுத் தொடருந்தும் வந்தன. சென்னையில் அத்தகைய தனித் தடம் இல்லை. நகர மக்கள் நாள்தோறும் பயன்படுத்தும் வண்டிகளே வானூர்திப் பயணிகளையும் ஏற்றிச் செல்கின்றன. இதனால் கட்டணம் குறைவாக உள்ளது. அதே வேளையில் சுமைகளுக்கெனத் தனி இடமோ இரவு முழுவதும் சேவையோ கிடைப்பதில்லை.

சுருக்கம்

- மத்திய நிலையம், அண்ணா சாலை: மெட்ரோ
- கோயம்பேடு: மெட்ரோ (ஆலந்தூரில் மாறுதல்)
- எழும்பூர், மாம்பலம்: புறநகர்த் தொடருந்து
- கிளாம்பாக்கம்: ஜி.எஸ்.டி. சாலைப் பேருந்து
- செங்கல்பட்டு: புறநகர்த் தொடருந்து
- மாமல்லபுரம்: தாம்பரம் வரை தொடருந்து, பின்னர் பேருந்து

செப்டம்பர் 2025-இல் தொடங்கப்பட்ட 'சென்னை ஒன்று' செயலியில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர்த் தொடருந்து ஆகிய மூன்றுக்கும் பயணச்சீட்டு பெறலாம்.