எடை குறைந்தது, எலும்பு தயாரா?

ஆறு மாதமோ ஒரு வருடமோ வாயைக் கட்டி, விடிகாலையில் எழுந்து நடந்து, பத்துப் பன்னிரண்டு கிலோவைக் குறைத்தவருக்கு அடுத்து வரும் ஆசை பெரும்பாலும் ஒரு ஓட்டப் பந்தயம்தான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இருப்பவருக்கு அது ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானின் 10 கி.மீ. பிரிவாக இருக்கும், துணிச்சல் கொஞ்சம் கூடியவருக்கு 21.1 கி.மீ. அரை மாரத்தானாக இருக்கும். இது நல்ல ஆசை, வளர்க்க வேண்டிய ஆசை. ஆனால் இந்த ஆசையோடு ஒரு தவறான கணக்கும் சேர்ந்தே வருகிறது. எடை குறைந்ததே பாதிப் பயிற்சி, இதே பட்டினியையும் இதே வேகத்தையும் இன்னும் கொஞ்சம் முடுக்கினால் பந்தயத்துக்குத் தயாராகிவிடலாம் என்பது அந்தக் கணக்கு. எடையைக் குறைப்பது உடம்பிலிருந்து எடுக்கும் வேலை. ஓடத் தயாராவது உடம்பில் சேர்க்கும் வேலை. முதல் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த நாளிலிருந்து முதல் வேலையை நிறுத்திவிட்டு இரண்டாவதைத் தொடங்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில், எடை இழந்தவர் பந்தயத்தை ஏன் யோசிக்க வேண்டும்? குறைத்த எடையைக் காப்பது குறைப்பதைவிடக் கடினம் என்பதால். அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைகுறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டது. போட்டியில் அவர்கள் குறைத்தது சராசரியாக 58 கிலோ. அதில் 41 கிலோ திரும்பி வந்திருந்தது. உடம்பு ஓய்வில் செலவழிக்கும் சக்தியும் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தே இருந்தது. அதே குழுவினரில் எடையைக் காத்துக்கொண்டவர்கள் யார் என்று பார்த்தபோது, உடலுழைப்பை நன்றாகக் கூட்டிக்கொண்டவர்கள்தான் என்று தெரிந்தது. நம் ஊரிலும் இது சின்ன விஷயமில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள். குறைத்த ஒவ்வொருவருக்கும் அடுத்த ஐந்தாண்டை ஓட்ட ஒரு காரணம் வேண்டும். நாட்காட்டியில் குறித்துவைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருத்துவர் சொன்ன 'தினமும் உடற்பயிற்சி செய்யுங்கள்' என்ற பொதுவான வாக்கியத்தைவிட நன்றாக அந்த வேலையைச் செய்கிறது.

எடை குறையும்போது போவது கொழுப்பு மட்டும் இல்லை. உணவுக் கட்டுப்பாட்டினால் மட்டும் குறைத்தவர்களிடம், போன எடையில் ஏறத்தாழ கால் பங்கு தசை உள்ளிட்ட கொழுப்பல்லாத திசுக்களாக இருப்பது வழக்கம். எலும்பின் அடர்த்தியும் சற்றுக் குறைகிறது. கனமான உடம்பைத் தாங்கிப் பழகிய எலும்புக்கு அந்தச் சுமை போனதும் அவ்வளவு உறுதி தேவைப்படாமல் போகிறது. 2025-ல் இந்தியச் சந்தைக்கு வந்த புதிய எடைகுறைப்பு ஊசிகளைப் போட்டுக்கொண்டு வேகமாக மெலிந்தவர்களுக்கும் இது பொருந்தும். பசியே இல்லாமல் சாப்பாடு குறைந்திருப்பதால், அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மெலிந்ததில் ஒரு லாபம் நிச்சயம் உண்டு. முழங்கால் தேய்மானம் உள்ள பருமனான முதியவர்களை வைத்து நடத்திய, 2005-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் சுமை நாலு கிலோ அளவுக்குக் குறைகிறது என்று காட்டியது. ஆனால் ஓட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை தரையிலிருந்து திரும்பி வருகிறது. 75 கிலோ உள்ளவர் 5 கி.மீ. மெதுவாக ஓடினால், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளில் அந்த விசையைக் கால்கள் வாங்க வேண்டும். எடை குறைந்ததில் கிடைத்த சலுகை, நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறும் அந்த ஒரு மாற்றத்திலேயே செலவாகிவிடுகிறது.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பயிற்சி தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்திலேயே ரத்தத்தின் அளவு கூடுகிறது, இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் ரத்தம் கூடுகிறது, மூச்சு வாங்குவது குறைகிறது. தசைநாண்கள் உறுதிப்பட மூன்று மாதமாவது ஆகும். எலும்பு இன்னும் நிதானம்: புதிய சுமை வந்ததும் முதலில் பழைய எலும்பு கரைக்கப்படுகிறது, பிறகுதான் புதியது படிகிறது, ஒரு சுற்று முடிய மூன்று நாலு மாதம். ஆகவே ஐந்தாவது ஆறாவது வாரத்தில், 'இப்போது நன்றாக ஓட வருகிறதே' என்று மனசு சொல்லும் நேரத்தில், கால் எலும்பு தற்காலிகமாகப் பலம் குறைந்து நிற்கக்கூடும். முன்கால் எலும்பு வலி, குதிகால் வலி, கெண்டைக்கால் நாணில் வீக்கம் எல்லாம் பெரும்பாலும் இந்த இடைவெளியில் வருபவை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவருக்கு இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: மோட்டாரை மட்டும் பெரிதாக மாற்றிவிட்டு, பேரிங்கை மாற்றாமல் முழு வேகத்தில் ஓட்டும் கதை.

பருமனான புதிய ஓட்டக்காரர்களைப் பற்றிய டென்மார்க் ஆய்வு ஒன்று (2014), முதல் வாரத்திலேயே 3 கி.மீ.க்கு மேல் ஓடியவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு கூடுதலாக இருக்கலாம் என்று காட்டுகிறது. ஒரு நாளில் இல்லை, ஒரு வாரம் முழுக்கச் சேர்த்தே 3 கி.மீ. தினம் ஐந்து கி.மீ. நடந்து பழகியவருக்கு இது சிரிப்பாகத் தோன்றும். ஆனால் அந்தச் சிறிய தொடக்கம்தான் சரி. ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. 1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே பரப்பிய ஓட்டம்-நடை முறையும், பிரிட்டன் அரசு மருத்துவச் சேவை பரிந்துரைக்கும் ஒன்பது வாரத் திட்டமும் இந்த வழியில்தான் போகின்றன. வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்று பலரும் சொல்லும் விதியை நான் வேதமாக எடுத்துக்கொள்ளவில்லை. நெதர்லாந்தில் அதைச் சோதித்தபோது, மெதுவாகக் கூட்டிய குழுவிலும் வேகமாகக் கூட்டிய குழுவிலும் காயமடைந்தவர்கள் ஐந்தில் ஒருவர் என்ற அளவிலேயே இருந்தார்கள். விதியைவிட நம்பகமானவை இரண்டு. ஓடும்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் குறிப்பிட்ட ஒரு இடம் வலிக்கக் கூடாது. வலித்தால் அன்று ஓட்டம் இல்லை, நடை. இதோடு வாரம் இரண்டு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு காலுக்குத் தொடர்ந்து இருபது முறை குதிகாலை உயர்த்த முடியாதவருக்கு வேகப் பயிற்சி இன்னும் வேண்டாம்.

சாப்பாட்டில்தான் மனசைத் திருப்புவது கடினம். எடை இழந்தவருக்குத் தட்டில் விழும் இரண்டாவது கரண்டிச் சோறு குற்றமாகத் தெரியும். அந்தப் பயம்தான் அவரை இதுவரை காப்பாற்றியும் இருக்கும். ஆனால் தேவைக்குக் குறைவாகத் தின்றுகொண்டு பயிற்சியைக் கூட்டினால் என்ன நடக்கிறது என்று சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-ல் தொகுத்துச் சொன்னது: ஹார்மோன்கள் தாறுமாறாகும், பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நிற்கும், எலும்பு பலவீனமாகும், அடிக்கடி சளி காய்ச்சல் வரும். வீரர்களுக்கு எழுதப்பட்டதுதான், ஆனாலும் அரைப் பட்டினியில் ஓடும் குடும்பத் தலைவிக்கும் அதே உடம்புதான். நம் சாப்பாட்டில் மாவுச்சத்துக்குப் பஞ்சமில்லை, புரதத்துக்குத்தான் பஞ்சம். இரண்டு இட்லியில் இருப்பது நாலு கிராம் அளவு. முட்டை ஒன்றில் ஆறு கிராம், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் பத்துப் பன்னிரண்டு கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2020 பரிந்துரை உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், பயிற்சி செய்பவருக்கு 1.2 கிராமுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. 70 கிலோ உள்ளவருக்கு அது 84 கிராம், காலை இட்லியும் மதியம் சாம்பார் சோறும் இரவு இரண்டு சப்பாத்தியுமாக எட்ட முடியாத எண். பருப்பு, பயறு, தயிர், முட்டை, மீன் என்று திட்டமிட்டுத்தான் சேர்க்க வேண்டும். பந்தயம் முடியும் வரை எடை மெஷினை மாதம் ஒரு முறைக்கு மேல் மிதிக்க வேண்டாம். ஒன்றிரண்டு கிலோ கூடினால்கூடப் பாதகமில்லை.

ஊரும் பருவமும் இந்தக் கணக்கில் சேர்த்தி. ஜனவரிப் பந்தயத்துக்கு நாலு மாதம் வேண்டுமென்றால் செப்டம்பர் தொடக்கத்திலேயே ஆரம்பிக்க வேண்டும். அந்த நாலு மாதத்துக்குள் வடகிழக்குப் பருவமழை முழுவதும் வந்து போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையே தண்ணீரில் நின்றது. ஆகவே பதினாறு வாரத் திட்டத்தில் இரண்டு மூன்று வாரம் மழைக்குப் போகும் என்று முன்னமே ஒதுக்கிவைப்பதுதான் நியாயம். விட்டுப்போன வாரத்தை அடுத்த வாரத்தில் இரட்டிப்பாக்கி ஈடுகட்டுவதுதான் காலை முறிக்கும் வழி. லாரிகள் விடியும் முன்பே ஓடத் தொடங்கும் சி.டி.எச். ரோட்டின் ஓரம் ஓடுவதற்கான இடமில்லை. உள்தெருக்கள், மாநகராட்சிப் பூங்காக்கள், ஆவடி பருத்திப்பட்டு ஏரியின் நடைபாதை போன்றவைதான் இந்தப் பக்கத்துக்காரர்களின் மைதானம். இரவு ஷிஃப்ட் முடித்து வருபவர் தூங்காமல் நேராக ஓடப் போகக் கூடாது. தூங்கி எழுந்து மாலையில் ஓடலாம்.

மறுப்புகளுக்கு வருகிறேன். ஓடினால் முட்டி தேய்ந்துவிடும் என்பது வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் சொல்வது. 2017-ல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஆரோக்கியத்துக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கும் இடுப்பு அல்லது முழங்கால் தேய்மானம் இருந்தது. உயர்மட்டப் போட்டியாளர்களில் அது 13.3 சதவீதம். மூட்டு நன்றாக இருப்பவர்களே ஓட்டத்தைத் தொடர்வார்கள் என்பதால் இந்த எண்களை முழு நிரூபணமாகக் கொள்ள முடியாது. ஆனாலும் மிதமான ஓட்டத்தின் மேல் சுமத்திய பழி நிற்கவில்லை. இரண்டாவது பயம் மாரடைப்பு. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தான், அரை மாரத்தான் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரில் 59 பேருக்கு இதயம் நின்றது. இரண்டு லட்சம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கு. முழு மாரத்தானைவிட அரை மாரத்தானில் ஆபத்து நாலில் ஒரு பங்கு. ஆனால் இந்தியர்களுக்கு இதயநோய் மேலைநாட்டவரைவிடச் சுமார் பத்தாண்டு முன்னதாக வருகிறது என்பதை மறந்து அந்த எண்ணை அப்படியே நமக்குப் பொருத்தக் கூடாது. எடை குறைந்த பிறகும் பழைய அளவிலேயே சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு வேறொரு ஆபத்தும் உண்டு: ஓடும்போது சர்க்கரையோ ரத்த அழுத்தமோ சட்டென்று கீழே போகலாம்.

நடந்தால் போதாதா என்று கேட்பவரின் வாதம்தான் எல்லாவற்றிலும் வலுவானது. எடையைக் காக்க மட்டும் என்றால் போதும். 1994-ல் தொடங்கிய அமெரிக்காவின் எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், குறைத்த எடையைக் காத்துவருபவர்கள் அதிகம் செய்வது நடைப்பயிற்சியே, சராசரியாகத் தினம் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் கிடைக்காதவர்களுக்கும், நடை சலித்துப்போனவர்களுக்கும், தன் உடம்பால் இன்னொன்றும் முடியும் என்று அறிய ஆசைப்படுபவர்களுக்கும்தான் ஓட்டம். எனவே நடையை விட்டுவிட்டு ஓட வேண்டியதில்லை, நடையின் மேல் ஓட்டத்தை ஏற்ற வேண்டும். 2021-ல் தமிழகச் சுகாதாரத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற மா. சுப்பிரமணியனை உதாரணம் காட்டி, 'அவர் அரை மாரத்தான் ஓடுகிறாரே' என்று நேராக 21 கி.மீ.க்குப் பெயர் கொடுப்பவர்களும் உண்டு. விபத்தில் முழங்காலில் அடிபட்டவர், ஐம்பது வயதைத் தாண்டி ஓடத் தொடங்கியவர், நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்தவர் என்பதெல்லாம் உண்மை. நூறாவது ஓட்டத்தைப் பார்த்து முதல் ஓட்டத்தின் தூரத்தை முடிவு செய்யக் கூடாது. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஆண்டுக்கணக்கான தொடர்ச்சியைத்தான்.

அடுத்த ஜனவரிக்கு ஆசைப்படும் அம்பத்தூர்க்காரருக்கு என் வேண்டுகோள் இதுதான். முதல் பந்தயத்துக்கு 5 கி.மீ. கிடைத்தால் அதையே எடுங்கள், இல்லாவிட்டால் 10 கி.மீ.; அரை மாரத்தானை இன்னும் ஓராண்டு தள்ளிப்போடுங்கள். வலியில்லாமல் ஒரு மணி நேரம் வேகமாக நடக்க முடிந்த பிறகே முதல் மெதுவோட்டம். நாற்பது வயதைத் தாண்டியவர், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு கண்டவர் பதிவுப் பணம் கட்டும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். எடை குறைந்ததைச் சொல்லி மாத்திரை அளவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், ஓடப் போவதைச் சொல்லி ஈ.சி.ஜி. உள்ளிட்ட எந்தப் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள். ஷூ வாங்குவது அதற்குப் பிறகு.