பத்துப் பேரும் பெருந்தொற்றும்: யூதர் கூட்டு வழிபாட்டு விதிகள்

யூத சமயத்தில் ஒருவர் தனித்தும் வழிபடலாம். எனினும், தோராவின் முறையான பொதுவாசிப்பும் இறந்தோர் பொருட்டு உற்றார் ஓதும் கடிஷும் பத்துப் பேர் கூடிய அவையிலேயே நிகழ்தல் வேண்டும். இவ்வவை மின்யான் எனப்படும். மரபுவழி யூதர் 13 வயது நிரம்பிய ஆடவரையே இதற்கு எண்ணுவர். கன்சர்வேட்டிவ் பிரிவினருள் பெரும்பாலோர் மகளிரையும் சேர்த்து எண்ணுவர். ஒன்றுகூடுவதே நோயைப் பரப்புமாயின் இவ்விதி என்னாகும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

உயிர்காத்தல் பிற கட்டளைகளுள் ஏறத்தாழ அனைத்தினும் மேலானது என்பது தல்மூத்தின் கோட்பாடு. ஆகவே, கொள்ளைநோய்க் காலத்தில் கூடாதிருத்தல் சமய விதியை மீறுவதன்று; அதனைப் பேணுவதேயாகும். 1831இல் காலரா பரவியபோது, போசன் நகர ரப்பி அகிவா ஏகர் வழிபாட்டை முற்றாக நிறுத்தவில்லை. விடியற்காலை முதல் பதினைந்து பதினைந்து பேராக முறைவைத்து வழிபடுமாறு அறிவுறுத்தினார்.

2020ஆம் ஆண்டுக் கோவிட் பெருந்தொற்றில் தொழுகைக்கூடங்கள் பல மூடப்பட்டன. அப்போது எழுந்த விவாதத்திற்கு அடிப்படையாக அமைந்தது பழைய வேறுபாடு ஒன்றே. 1565இல் அச்சேறிய ஷுல்ஹான் அரூக் என்னும் சட்டநூல், பத்துப் பேர் ஓரிடத்தில் இருத்தல் வேண்டும் என்கின்றது. சன்னல் வழியே முகங்காட்டுபவரையும் எண்ணிக்கையில் சேர்க்கின்றது. அவை நிறைந்தபின், தொலைவிலிருந்து கேட்பவரும் மறுமொழி கூறலாம் என்கின்றது. எண்ணப்படுதல் வேறு, உடன் ஓதுதல் வேறு என்பது இதனால் பெறப்படும்.

இதனையொட்டி மரபுவழி யூதர் சிலர் மாடிமுகப்புகளிலும் முற்றங்களிலும் ஒருவரையொருவர் கண்டவாறு வழிபட்டனர். கணினித்திரையில் தோன்றுபவர் ஓரிடத்தில் இருப்பவராகார் என அவர்தம் ரப்பிகளுள் மிகப் பெரும்பாலோர் கருதினர். கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக்குழுவும் 2001இல் இணையவழி மின்யானை ஏற்கவில்லை. ஆயினும் 2020 மார்ச்சில், நெருக்கடி நிலையைக் கருதி, தத்தம் ஊர் ரப்பிகள் அதற்கு இசைவளிக்க வழிவிட்டது.

பெற்றோரை இழந்தவர் பதினொரு திங்கள் கடிஷ் ஓதுதல் வழக்கம். ஒரு சாரார் தீர்ப்பால் துயருற்றோர் கடிஷை இழந்தனர். மறுசாரார் தீர்ப்பால் கடிஷ் நிலைத்தது, ஓரிடத்தில் கூடும் நெறி நெகிழ்ந்தது. இரு சாராரும் உயிர்காத்தலை ஐயுறவில்லை. அவையை அவையாக்குவது உடலிருப்பா, ஒருவர்க்கொருவர் செவிகொடுத்தலா என்பதிலேயே அவர்கள் வேறுபட்டனர்.