கோடைக்கானலுக்குச் செல்வோர் குறைந்தது ஏன்?

சித்திரை, வைகாசி மாதங்களில் வெயிலின் கடுமை தாங்காது சமவெளி மக்கள் மலைநாட்டை நாடிச் செல்வது நெடுங்கால வழக்கம். இலங்கையருக்கு நுவரெலியாவும் அங்குள்ள கிறகரி ஏரியும் எவ்வாறோ, அவ்வாறே தமிழ்நாட்டவருக்குக் கோடைக்கானலும் உதகமண்டலமும் அமைந்துள்ளன. ஆயினும் 2024ஆம், 2025ஆம் ஆண்டுகளின் கோடைப் பருவத்தில், எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை என்று அம்மலை நகரங்களின் விடுதிக்காரரும் வணிகரும் முறையிட்டனர். ஏரியும் அங்கேதான் இருந்தது. மலைக் காற்றும் மாறிவிடவில்லை. அவ்வாறிருக்க மக்கள் வரவு குறைந்ததேன்? இதற்குரிய காரணங்களை ஆராயுமிடத்து, ஒரு மலையின் தாங்குதிறன் எவ்வளவு என்னும் பெரிய வினாவை எதிர்கொள்ள நேரிடுகிறது.

கோடைக்கானலின் தோற்றத்திற்கும் யாழ்ப்பாணத்திற்கும் ஒரு தொடர்பு உண்டு. 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன், 1834இல் தன் பாதிரிமார் சிலரை மதுரைக்கு அனுப்பியது. மதுரையின் வெப்பமும் காய்ச்சலும் அவர்களையும் அவர்தம் குடும்பத்தினரையும் வாட்டின. உடல்நலம் பேணுதற்குரிய இடத்தைத் தேடிய அவர்கள், 1845இல் பழனி மலைமேல் ஏறக்குறைய 7,000 அடி உயரத்திலே வீடுகள் அமைத்தனர். அதுவே கோடைக்கானல் நகரின் தொடக்கம். அங்குள்ள ஏரி இயற்கையானதன்று. மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்சு என்பவர் 1863இல் ஓடையை அணையிட்டுத் தடுத்து உண்டாக்கியது அது. நட்சத்திர வடிவினதாகிய அவ்வேரியின் பரப்பு ஏறத்தாழ 60 ஏக்கர் மட்டுமே.

அக்காலத்தில் மலையேறுதல் எளிதன்று. கால்நடையாகவும் குதிரையிலும், ஆட்கள் சுமந்து செல்லும் நாற்காலிகளிலும் ஏறிச் சென்றனர். சென்றவர் சிலரே, சென்றால் வாரக்கணக்கில் தங்கினர். முதல் உலகப் போர்க் காலத்தில் மலைப்பாதை அமைந்தபின் நிலைமை மாறியது. இக்காலத்தில் காலையிற் புறப்பட்டு ஏரியைச் சுற்றிவிட்டு இரவே திரும்புவோரும் உளர். வருவோர் பெருகினர், தங்கும் நாட்கள் குறைந்தன, மோட்டார் வண்டிகள் மலையை நிறைத்தன.

இந்நிலையிலேதான் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. நீலகிரிக்குப் பருவகாலத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 20,000 வண்டிகள் செல்கின்றன என்ற கணக்கு அதன்முன் வைக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில், நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு மின்வழி அனுமதிச் சீட்டு வேண்டுமென நீதிமன்றம் ஆணையிட்டது. 'இ-பாஸ்' எனப்படும் அச்சீட்டு முறை மே 7ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. செல்வோர் தம் பெயர், வண்டியின் எண், பயணிகளின் தொகை, தங்கும் இடம், நாட்கள் ஆகியவற்றை இணையத்திற் பதிந்து சீட்டைப் பெற்று, மலையடிவாரச் சோதனைச் சாவடியிற் காட்டுதல் வேண்டும். உள்ளூர் வண்டிகளுக்கும் அரசாங்கப் பேருந்துகளிற் செல்வோருக்கும் இது தேவைப்படவில்லை.

இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. 2024இல் இத்தனை வண்டிகள்தாம் என்ற வரையறை எதுவும் விதிக்கப்படவில்லை. விண்ணப்பித்தோர் சீட்டைப் பெற்றனர். எத்தனை பேர் வருகின்றனர் என்று எண்ணி அறிதலே அப்போதைய நோக்கம். எனினும் வணிகர் கருத்துப்படி, அச்சீட்டே பலரைத் தயங்கச் செய்தது. சீட்டுக் கிடையாது போய்விடுமோ என்ற ஐயமும், சாவடியிற் காத்திருக்க நேருமோ என்ற அச்சமும் இருந்தால், திடீரென முடிவுசெய்து புறப்படும் குடும்பம் சீட்டு வேண்டாத வேறோர் இடத்தை நாடுவது இயல்பே. கதவு திறந்திருப்பினும் வாயிலிற் காவலன் நிற்பதைக் கண்டு திரும்புவாரும் உளரன்றோ?

காலநிலையும் தன் பங்கைச் செலுத்தியது. 2024 ஏப்ரல் இறுதியில் உதகமண்டலத்திலேயே வெப்பம் 29 பாகை செல்சியஸ் அளவை எட்டியது. குளிர் தேடிச் சென்றவர் அங்கும் வெயிலைக் கண்டனர். மே மாத நடுவிலோ கனமழை பெய்தது. 18 முதல் 20 வரை நீலகிரிப் பயணத்தைத் தவிர்க்குமாறு மாவட்ட நிர்வாகமே அறிவுறுத்தியது.

அடுத்த ஆண்டு உண்மையான வரையறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் இறுதிவரை, கோடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகளும் வார இறுதியில் 6,000 வண்டிகளும், நீலகிரிக்கு முறையே 6,000, 8,000 வண்டிகளும் மட்டுமே செல்லலாம் என நீதிமன்றம் விதித்தது. மலைகளின் தாங்குதிறனை ஆராயும் பொறுப்பு உயர்கல்வி நிறுவனங்களிடம் விடப்பட்டது.

தாங்குதிறன் என்பது யாது? கொக்குவில், கோண்டாவில், இணுவில் ஆகிய ஊர்களின் தோட்டக்காரருக்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரியிற் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. துலாவினால் இறைத்த காலத்தில் ஊற்று ஈடுகொடுத்தது. நீர் இறைக்கும் இயந்திரம் வந்தபின் அளவு மீறி இறைத்த இடங்களில் உவர்நீர் மேலெழுந்தது. கிணறு வற்றுவதில்லை, ஆனால் அதன் நீர் பயிருக்கும் ஆகாது, குடிக்கவும் ஆகாது. மலையின் நிலையும் இதுவே. கூட்டம் மிகுவதால் மலை மறைந்துவிடாது. மக்கள் தேடிவந்த மலையாக அது இராது.

பழனி மலையின் சோலைக் காடுகளும் புல்வெளிகளும் மழைநீரை உறிஞ்சி வைத்துச் சிறிது சிறிதாக வெளிவிடுவன. அவற்றின் இடத்தில் கட்டடங்கள் எழும்போது நீர் தங்குவதில்லை, கழிவு பெருகுகிறது. கோடைக்கானல் ஏரியிலிருந்து வழியும் நீரே வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. ஆதலால் ஏரியிற் கலக்கும் அழுக்கு ஏரியோடு நிற்பதன்று. மலைச் சரிவுகள் எத்துணை நொய்தானவை என்பதை, 2024 ஜூலை 30ஆம் நாள் இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரைப் பறித்த வயநாட்டு மண்சரிவு உணர்த்திற்று.

எனினும் மறுபக்கத்தையும் நோக்குதல் நீதியாகும். படகுக்காரர், குதிரை நடத்துவோர், பழம் விற்போர், விடுதிப் பணியாளர் ஆகியோருக்கு இரண்டு மாத வருவாயே ஆண்டு முழுவதற்குமான சோறு. 2025 ஏப்ரலில் நீலகிரி வணிகர் கடையடைத்து எதிர்ப்புத் தெரிவித்தமை இதனால்தான். மலையைக் காக்கும் செலவு முழுவதையும் ஏழைகளின் தலையிற் சுமத்துதல் தகாது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. வரையறை வண்டிக்கேயன்றி மனிதருக்கு அன்று. வண்டிக்கு நால்வராக 4,000 வண்டிகளிற் செல்வோர் 16,000 பேர். பேருந்துக்கு ஐம்பதின்மராகச் சென்றால் அத்தனை பேருக்கும் 320 பேருந்துகள் போதும். நல்ல பேருந்துகள் வேண்டிய அளவு ஓடுமாயின் புகையும் நெரிசலும் குறையும். கடைக்காரரின் வருவாயும் கெடாது. கூட்டத்தைக் கோடையில் மட்டும் குவியவிடாது ஏனைய மாதங்களுக்கும் பரப்புதல் இன்னொரு வழி.

இச்சிக்கல் தமிழ்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரிய நாட்டில் ஏரிக்கரையில் அமைந்த ஹால்ஸ்டாட் என்னும் சிற்றூரின் குடிகள் ஆயிரத்துக்கும் குறைவு. அங்கே நாளொன்றுக்குப் பத்தாயிரம்வரை பயணிகள் வந்து குவிந்தமையால், 2020 முதல் சுற்றுலாப் பேருந்துகள் முன்கூட்டியே நேரம் பதிந்து வரவேண்டும் என்ற முறை ஏற்பட்டது.

கோடைக்கானலுக்கு வருவோர் குறைந்தமைக்கு அனுமதிச் சீட்டும் அதுபற்றிய அச்சமும் பருவநிலையும் உடனடிக் காரணங்கள். அவற்றிற்கெல்லாம் அடிப்படை, கூட்டம் முன்னரே அளவு கடந்தமைதான். விருந்தினர் வரவால் வாழும் ஊர், அவ்வரவாலேயே அழியாதிருக்க ஓர் அளவு வேண்டும். அந்த அளவை அங்கு வாழும் மக்களையும் கலந்து வகுப்பதே அறிவுடைமையாகும்.