தெருக்கோடியில் ஒரு கப்பல்



பாட்டுக் கேட்கிறோம், பிடித்திருந்தால் முணுமுணுக்கிறோம். அது எந்த மண்ணில் முளைத்தது என்று நாம் கேட்பதில்லை. பிறந்த ஊரை நினைத்து ஒருவர் உருவாக்கிய ஓர் இசைத்தொகுப்பைப் பற்றி இன்று பார்ப்போம். ஆங்கிலப் பாடகர் ஸ்டிங், குழுவோடு சேராமல் தனியாக 1991ஆம் ஆண்டு வெளியிட்ட ‘தி சோல் கேஜஸ்’தான் அது.

இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆற்றங்கரையில், வால்ஸெண்ட் என்றோர் ஊர். ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் பெருஞ்சுவர் அங்கே முடிவதால் அந்தப் பெயர். 1951இல் ஸ்டிங் பிறந்தது அங்கேதான். இயற்பெயர் கோர்டன் சம்னர். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்வான் ஹன்டர் கப்பல் கட்டும் தளம். கப்பல் வளர வளர, தொழிலாளர் வீட்டுக் கூரைகளுக்கு மேலே மலைபோல் எழுந்து நிற்கும். ஒருநாள் அதை ஆற்றில் இறக்கிவிடுவார்கள். பிறகு அது திரும்பி வருவதில்லை.

அப்பா பால்காரர். விடியுமுன் வீடு வீடாகப் பால் போடப் போவார். மகனும் கூடப் போவான். பெரட்டுக்குப் போகும் பெற்றோரோடு இருட்டில் எழுந்து பழகியவர்களுக்கு அந்தக் காலை நேரத்தைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. மாலுமியாகவில்லையே என்ற ஏக்கம் அப்பாவுக்குக் கடைசிவரை இருந்தது.

மகன் ஊரை விட்டுப் போய், ‘தி போலீஸ்’ என்ற குழுவில் பாடி உலகப் புகழ் பெற்றார். பின்னர் தாயும், சில மாதங்களில் தந்தையும் காலமானார்கள். நோயில் கிடந்த தந்தையிடம், “நம் இருவர் கைகளும் ஒரே மாதிரி இருக்கின்றன” என்றாராம் மகன். ‘நீ உன் கைகளை என்னைவிட நன்றாகப் பயன்படுத்திக்கொண்டாய்’ என்ற பொருளில் தந்தை பதில் சொன்னார். மகனைப் பாராட்டி அதிகம் பேசாத மனிதர் அவர். தந்தையின் இறுதிச் சடங்குக்கு மகன் போகவில்லை. அழாத துக்கம் உள்ளேயே தங்கிவிட்டது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஒரு வரிகூட எழுத வரவில்லை.

முடிவில், தம் வாழ்வின் முதல் நினைவு எது என்று தம்மையே கேட்டுக்கொண்டார். கப்பல்! அந்த ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டதும் பாடல்கள் தாமாக வரத் தொடங்கின. ஆறு, கடல், தளம், தந்தை எல்லாம் வந்தன. முதல் பாடலில், தகடுகளை ஆணியடித்து இணைக்கும் தொழிலாளியின் குடும்பத்தில் பிறந்த பில்லி என்ற சிறுவன், தன் தந்தையைக் கப்பலில் ஏற்றித் தொலைதூரத் தீவுக்குக் கொண்டுபோகக் கனவு காண்கிறான். இன்னொரு பாடலில், இறந்த தந்தையைக் கடலில் அடக்கம் செய்ய மகன் ஆசைப்படுகிறான். கரையிலேயே காலம் கழித்த பால்காரருக்கு மகன் செய்த சடங்கு அது என்று எனக்குத் தோன்றுகிறது. வேடிக்கை என்னவென்றால், அதன் மெட்டு துள்ளலானது!

ஊர் சொற்களில் மட்டும் வந்துவிடாது, ஓசையிலும் வரவேண்டும். அதற்காக நார்தம்பர்லாந்து வட்டாரத்துப் பைக்குழலைச் சேர்த்தார். வாயால் ஊதாமல், முழங்கையால் துருத்தியை அமுக்கி வாசிக்கும் மென்மையான கருவி அது. வாசித்தவர் அவ்வட்டாரத்துக் கலைஞர் காத்ரின் டிக்கல். ஒலிப்பதிவு பாரிஸிலும் இத்தாலியிலும் நடந்தது. குழலோ வால்ஸெண்டுக்கு அருகிலிருந்து வந்தது.

சோகம் கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் பிரிட்டனில் அது விற்பனையில் முதலிடம் பிடித்தது. 1992இல் தலைப்புப் பாடலுக்குக் கிராமி விருதும் கிடைத்தது.

பின்னாளில் அத்தளத்தில் கப்பல் கட்டும் வேலையே நின்றுபோனது. 2007இல் பாரந்தூக்கிகள் இந்தியாவில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. 2013இல் ஸ்டிங் ‘தி லாஸ்ட் ஷிப்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். இம்முறை பாட்டில் வந்தவர்கள் வேலையிழந்த தளத்துத் தொழிலாளர்கள். அதிலும் அந்தப் பைக்குழல் ஒலிக்கிறது.