உப்பில் பாதி, எண்ணெயில் பாதி

பாகூர்ப் பக்கம் போர்வெல் போடும்போது மண் சரியாமலிருக்க இறக்கப்படும் நீல நிறக் கேசிங் பைப்பும், மூலக்குளத்து வீடுகளில் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் வெள்ளைக் குழாயும் பிவிசி எனப்படும் பாலிவினைல் குளோரைடால் ஆனவை. கடலோர நிலத்தடியின் உவர்நீரில் இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுகிறது. பிவிசி துருப்பிடிப்பதே இல்லை என்பதால்தான் அது இரும்பின் இடத்தைப் பிடித்தது.

சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நீண்ட சங்கிலியாகும் பொருளுக்குப் பலபடி என்று பெயர். பிவிசி சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் வினைல் குளோரைடு. அதன் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின், அந்தக் குளோரினோ உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்திப் பிரிக்கப்படுவது. மீதிப் பங்கு பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது என்றாலும், 1967இல் மேட்டூரில் பிவிசி உற்பத்தியைத் தொடங்கிய கெம்பிளாஸ்ட் நிறுவனம் அதைச் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் வடித்த சாராயத்திலிருந்தே பெற்றது என்பது தமிழகத் தொழில் வரலாற்றில் போற்றத்தக்க செய்தி. புதுச்சேரிக்குத் தெற்கே கடலூர் சிப்காட்டில் அதே நிறுவனம் 2009இல் தொடங்கிய ஆலைக்கோ வினைல் குளோரைடு கப்பலில் வந்திறங்குகிறது.

வினைல் குளோரைடு வாயு புற்றுநோய் தரக்கூடியது என்பது 1974இல் அமெரிக்கத் தொழிலாளர்களின் கல்லீரல் நோயால் வெளிப்பட்டது. சங்கிலியாகக் கோத்தபின் அந்த நச்சுத்தன்மை இல்லை என்றாலும், கோக்கப்படாமல் எஞ்சும் வாயுவைப் பிவிசி மாவிலிருந்து இயன்றவரை நீக்கியாக வேண்டும். ஆலையிலிருந்து வரும் அந்த வெள்ளை மாவை அப்படியே உருக்கினால் அமிலப் புகையை விட்டுப் பழுப்பேறிவிடும். அதைத் தடுக்கச் சேர்க்கப்படும் நிலைப்படுத்திகளில் ஈயச் சேர்மங்களே நெடுங்காலம் கோலோச்சின. குடிநீரில் ஈயம் கசிவது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால், 2021இல் மத்திய அரசு பிவிசி குழாய்களில் ஈய நிலைப்படுத்திகளை நீக்கத் தனி விதிகளை வெளியிட்டது. இப்போது கால்சியம், துத்தநாகச் சேர்மங்கள் அவ்விடத்துக்கு வருகின்றன.

குழாய்களை இணைக்கத் தடவும் சால்வென்ட் சிமெண்ட் வெறும் பசையன்று. அது இரு குழாய்களின் மேற்பரப்பையும் கரைக்கிறது. கரைந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, கரைப்பான் ஆவியாகி, இரு குழாயும் ஒரே குழாயாகிவிடுகின்றன. அனுபவமுள்ள பிளம்பர் முனையைத் துடைத்து, தடவிச் செருகியபின் சற்று நேரம் அசையாமல் பிடித்திருப்பது அதனால்தான்.

குடிநீருக்குக் குழாய் வாங்குவோர், விலை கேட்பதற்கு முன், அதன்மேல் ஐ.எஸ். 4985 என்ற முத்திரை அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.